களை என்று பெயரிட்ட கோப்பு

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து மூன்று நாளாகிறது. முந்தாநாள் காலை அதில் மன்னார்குடி பஸ் நேரம் பார்க்கலாமென்று ஒரு பக்கத்தைத் திறந்தேன். அடேயப்பா! மேலிருந்து ஒரு விளம்பரம் இறங்குகிறது, பக்கத்திலிருந்து ஒன்று எட்டிப் பார்க்கிறது, நடுவில் ஒருவன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரிக்கிறான். ஓரத்தில் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை ஒன்று இரண்டே இரண்டு பல்லைக் காட்டியது. கலர் நன்றாக இருக்கிறதே, தம்பி மகளுக்கு எடுக்கலாமே என்று சிரித்துக்கொண்டேன். பஸ் நேரம் மட்டும் கடைசிவரை கண்ணில் படவில்லை. இத்தனை வருடமாக இந்தச் சந்தடி எதுவும் இல்லாமல் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நிம்மதி எல்லாம் உன் வேலை.

பழைய மெஷினில் நீ வைத்திருந்த கோப்பை இன்று காலை பென்டிரைவில் ஏற்றினேன். 'களை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாய். விளம்பரத் தடுப்பானுக்கு நீயே எழுதிச் சேர்த்த விதிகள் அத்தனையும் அதில் இருந்தன. நீ இருந்தவரை அதை நான் திறந்ததே இல்லை. # என்கிற சதுரக் குறியும் நட்சத்திரக் குறியும் புள்ளியுமாக ஏதோ கோழி கிளறின மாதிரி இருக்கும். பார்த்தாலே எனக்குத் தலைவலி வரும். நீ போன பிறகு திறக்கத் தைரியம் வரவில்லை. இன்று வேறு வழியில்லை, திறந்தேன்.

உன்னையும் என்னையும் இந்தக் கடையில் சேர்த்தது சிநேகிதம் மட்டுமல்ல, பிடிவாதமும்தான். நீ கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். நான் நீடாமங்கலத்துக்காரி, நடந்தே வந்துவிடுவேன். இருந்தாலும் தினமும் கடையைத் திறந்தவள் நீதான். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கலாம் என்றதும் நீதான். "கேட்டு போட்டா அரை மணி நேரம் யாரும் நகர முடியாதுடி. சும்மா நிக்கிற ஜனம் ஒரு ஜெராக்ஸாவது எடுக்கும்" என்றாய். அப்படியே நடந்தது. கேட் மூடும் மணிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

விதி எழுத ஆரம்பித்தது எப்போது என்று உனக்கு நினைவிருக்கும். நிலத்துக்கு அடங்கல் சான்று எடுக்க வந்த பெரியவர் ஒருவரிடம், நீ அச்சடித்துத் தரும் நேரத்தில், மவுஸைக் கொஞ்சம் கொடுத்துவிட்டேன். பச்சைப் பச்சையாக மின்னிய பட்டனை அவர் அழுத்தினார். அது நிஜப் பட்டனே இல்லை. ஏதோ வைரஸ் புகுந்து அன்று முழுக்க மெஷின் யாருக்கோ வேலை பார்த்தது. பொதுவான தடுப்பானைப் போட்டாலும், செய்திக்கு நடுவே செய்தி மாதிரியே வந்து உட்காரும் சில பெட்டிகள் தப்பித்துவிடும் என்று நீ கண்டுபிடித்தாய். அவற்றுக்குத்தான் சொந்த விதி.

எனக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாய், நான் பாதிதான் கேட்டேன். ஒரு வரிக்கு ஒரு விதி. இரண்டு சதுரக் குறி போட்டு, எந்தப் பெட்டியை மறைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தளத்தின் பெயரை எழுதினால் அங்கே மட்டும் மறையும். பெயரே எழுதாமல் விட்டால் திறக்கிற பக்கத்தில் எல்லாம் மறையும். ஆச்சரியக் குறியில் தொடங்கும் வரியை மெஷின் படிக்காது. அது மனுஷருக்கு.

அந்த ஆச்சரியக் குறி வரிகளில்தான் நீ இத்தனை பேசி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விதிக்கும் மேலே, அதை ஏன் எழுதினாய் என்று ஒரு வரி.

! பச்சைப் பட்டன். பெரியவரை ஏமாத்துனது இதான்.

! மாப்பிள்ளை பார்க்கும் விளம்பரம். ரிசல்ட் பார்க்க வந்த பொண்ணு தலையைக் குனிஞ்சிக்கிச்சு.

! சீட்டாட்டம். யாருக்காகன்னு எழுத மாட்டேன்.

! ஆடுற பொம்மை. எனக்கே தலை சுத்துது.

படித்துப் படித்துச் சிரித்தேன். செல்வி மிரண்டு போய் என்னைப் பார்த்தாள். செல்வியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கடைக்கு வந்தவள், டைப்பிங் படபடவென்று அடிப்பாள், அதிகம் பேச மாட்டாள். போன வருடம் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்த அவள் புருஷன் தவறிவிட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவர எந்த விமானம், என்ன பேப்பர் என்று இதே கடையில் உட்கார்ந்துதான் அவள் தேடினாள். வேலைக்குச் சேர்ந்தது அதற்கப்புறம்.

கோப்பின் நடுவில் என்னைப் பற்றிய வரி வந்தது. அங்கே என் சிரிப்பு நின்றது.

நீ அதை எழுதிய வருடம் எனக்கு ஏழாவது மாதத்தில் கலைந்தது. உனக்குத் தெரியும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் நீதான். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தேன். ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அந்த மட்டில் நல்ல ஜனம். ஆனால் கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? ஆசையாக நான் தேடிப் பார்த்ததை எல்லாம் அது ஞாபகம் வைத்திருந்தது. தொட்டில், டயப்பர், 'உங்கள் குழந்தை இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கும்' என்று ஒரு படம். வாரக் கணக்கைக்கூடத் தவறாமல் கூட்டிக்கொண்டே போனது. நான் யாருக்கோ வருமானச் சான்று எடுத்துக்கொண்டிருப்பேன், ஓரத்தில் அது வந்து நிற்கும். எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவேன். நீ துண்டை எடுத்து நீட்டுவாய்.

பிறகு ஒரு நாள் அவை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "இந்த மெஷினுக்கே என் மேல இரக்கம் வந்துட்டுதுடி" என்றேன் உன்னிடம். நீ ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏன், அதுக்கும் கண்ணு இருக்குல்ல" என்றாய். நான் அதை நம்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அப்போது எதையாவது நம்ப வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது வசந்தாவின் விவகாரம். தனியார் பள்ளியில் இலவச இடத்துக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு சரி. வசந்தா நடவு வயலிலிருந்து நேரே வந்திருந்தாள், கணுக்கால் சேறுகூடக் காயவில்லை. பையன் பெயரில் எல்லாச் சான்றும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. நான் உட்கார்ந்து ஏற்றினேன். தகப்பன் பெயர், தாய் பெயர், முகவரி எல்லாம் போட்டாயிற்று. அனுப்பு என்று அழுத்தினால், 'அனைத்து விவரங்களையும் நிரப்பவும்' என்று சிவப்பில் திட்டியது. மறுபடி பார்த்தேன். பையனின் பெயர் போட இடமே இல்லை! பிறந்த தேதி போடவும் இடமில்லை. பிள்ளையைச் சேர்க்கும் படிவத்தில் பிள்ளையையே காணோம்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்தது. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "அந்த இடம் இருக்கே மேடம், மூணாவது வரிசையில" என்றாள். "எனக்கென்ன கண்ணு தெரியாதா? ஒரு படிவம் ஒழுங்கா போடத் தெரியல, பேச வந்துட்டீங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். வசந்தா என் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, இன்னிக்கு விட்டா அவ்வளவுதானாக்கா? அவன் புதுப் பையெல்லாம் வாங்கி வச்சிருக்கான்க்கா" என்றாள். மணி நாலரை.

அப்போது நீ வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாய். உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

"ஏ புள்ள, எழுந்திரி. மூணு டீ வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான். கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையில வாங்கு. இந்தப் பக்கத்து டீ வாயில வைக்க முடியல."

திட்டிக்கொண்டே போனேன். தண்டவாளத்தைத் தாண்டினேனோ இல்லையோ, பின்னால் கேட் இறங்கியது. நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று, பெட்டி பெட்டியாக, எனக்கென்று மெதுவாகப் போனது. கையில் மூன்று டீயோடு அந்தப் பக்கம் நின்று வேலைக்காகாத படிவத்தை நினைத்துப் பல்லைக் கடித்தேன். கேட் திறந்து நான் வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. வசந்தா ஒப்புகைச் சீட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். டீ ஆறிப் போயிருந்தது.

"என்னடி பண்ணுன?"

"ஒண்ணுமில்ல. சைட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. சரியாயிடுச்சு."

"நான் திட்டுனதுல பயந்துட்டானுங்க" என்றேன் பெருமையாக. நீ ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாய். பையனுக்கு இடம் கிடைத்தது. வசந்தா ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் அதில் பங்கு தந்தாய். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு போனேன்.

இன்றைக்குத்தான் அந்த வரிகளைப் படித்தேன். முதலில், தளத்தின் பெயர் எதுவும் இல்லாத ஒற்றை விதி. குழந்தை என்ற சொல் வரும் பெட்டி எங்கே இருந்தாலும் மறை. அதற்கு மேலே:

! ஒவ்வொரு சைட்டா எழுதி மாளல. எங்க பார்த்தாலும் இவ கண்ணுல படுது. மொத்தமா எடுத்துட்டேன்.

அந்த விதிக்கு முன்னாலும் பிற்பாடு ஒரு ஆச்சரியக் குறி போட்டு அதைத் தூங்க வைத்திருக்கிறாய். அதன் கீழே:

! களைன்னு நெனச்சு நெல்லப் புடுங்கிட்டேன். படிவத்துல 'குழந்தையின் பெயர்'னு இருந்துச்சு, வசந்தா பையன் பேரு போடுற இடமே போயிடுச்சு. அல்லாஹ் காப்பாத்துனான், கேட்டும் காப்பாத்துச்சு. இனிமே சைட்டு பேரு போட்டுத்தான் எழுதணும். இந்தத் தப்ப அழிக்க மாட்டேன், கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்.

! இவ கேட்டா சைட்டு மக்கர்னு சொல்லணும்.

அதன் கீழே பதினான்கு விதிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தளத்தின் பெயர். நான் காலையில் பார்க்கும் செய்தித்தளம், ராசிபலன், சமையல் குறிப்பு, பஸ் நேரம் பார்க்கும் அந்தப் பக்கம்கூட. நான் எங்கெங்கே போவேன் என்று என் புருஷனுக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உதவி எண் பெண்ணிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி எங்கே போய்த் தேட?

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்மேல் கொஞ்ச நேரம் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முதலில் உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு அழுதிருப்பேன். அப்புறம் மெஷினில் உட்காரும்போதெல்லாம் அங்கே மறைத்து வைத்திருப்பது என்ன என்றே நினைத்திருப்பேன். நீ சரியாகத்தான் செய்தாய். அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வலி எப்போது வடிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வடிந்துவிட்டது, அவ்வளவுதான். வடிய எனக்கு நாள் கொடுத்தவள் நீ.

பதினான்காவது விதிக்குக் கீழே கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாய்.

! என்னைக்காவது ஒரு குழந்தைத் துணி விளம்பரத்தைப் பார்த்து இவளே சிரிச்சான்னா இதெல்லாம் எடுத்துடலாம்.

முந்தாநாள் காலை சிரித்தேன்டி. மஞ்சள் கவுன். நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ மாரடைப்பில் போன செய்தி வந்த அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்ததும், கூத்தாநல்லூரில் பெண்கள் கூட்டத்தில் உன் உம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததும் தவிர வேறெதுவும் எனக்கு நினைவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்று இத்தனை நாள் குறையாக இருந்தது. இன்று அந்தக் குறை பாதி தீர்ந்த மாதிரி இருக்கிறது. நீ எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

பதினான்கு விதிகளின் முன்னாலும் ஒவ்வொரு ஆச்சரியக் குறியாக நானே போட்டேன். அழிக்கவில்லை, தூங்கட்டும். புது மெஷினில் கோப்பு மொத்தமாக ஏறிவிட்டது. பச்சைப் பட்டன் போயிற்று, வழுக்கைத் தலைக்காரன் போய்விட்டான். கடை பழையபடி அமைதியாக இருந்தது.

ஆனால் நேற்று ஒன்றைக் கவனித்திருந்தேன். செல்வி செய்தித்தளத்தைத் திறந்தபோது ஒரு விமானப் படம் வந்தது, 'குறைந்த கட்டணத்தில் தாயகம் திரும்புங்கள்' என்று. அவள் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனாள். ஈர முகத்தோடு திரும்பி வந்தாள். உன் கோப்பை ஏற்றின பிறகும் அந்தப் பெட்டி மட்டும் செய்தி மாதிரியே உட்கார்ந்திருந்தது.

இன்று மத்தியானம் செல்வியிடம் டீ வாங்கி வரச் சொன்னேன். கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையில். அவள் போனதும் உட்கார்ந்து என் வாழ்க்கையின் முதல் விதியை எழுதினேன். நாலு தடவை தப்பானது. ஒரு தடவை பக்கமே வெள்ளையாகிப் போய் வெலவெலத்துவிட்டேன். முன்னால் தளத்தின் பெயரைப் போட்டிருக்கிறேன், கவலைப்படாதே. விமான டிக்கெட் போடும் பக்கங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். வெளியூர் போகிற யாருக்கும் ஒரு எழுத்துக்கூட மறையவில்லை. மேலே உன்னை மாதிரியே ஆச்சரியக் குறி போட்டு ஒரு வரி எழுதினேன். என்ன எழுதினேன் என்று உனக்கும் சொல்ல மாட்டேன்.

கேட் திறந்து செல்வி டீயோடு வந்தாள். செய்தித்தளத்தைத் திறந்தாள். கீழே இறக்கினாள், மேலே ஏற்றினாள், மறுபடி கீழே இறக்கினாள்.

"அக்கா, நேத்து ஒரு பிளேன் படம் வந்துச்சுக்கா. இன்னிக்குக் காணோம்."

நான் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன், அதுக்கும் கண்ணு இருக்குல்ல" என்றேன்.