வெல்லம் நீ எடுக்கவில்லை, அந்தோணி

என் பிரியமுள்ள மாப்பிள்ளை அந்தோணிக்கு,

உன்னை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. அன்று கல்லறையிலிருந்து திரும்பும்போது உன் மனைவி அன்னம்மா என்னைக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, படிக்கறப்ப இவரு சாரணர் படையில இருந்து பாதியில நின்னுட்டாராமே, ஏன்? கேட்டா சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியலைம்மா" என்றேன்.  அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ ஏதாவது சொல்லியிருந்தாயா?

சேலத்துப் பள்ளியிலிருந்து ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்கு முகாம் போனோமே, அதைத்தான் கேட்டாள். நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இடம். தெரியுமென்று சொல்லித்தான் நீயும் வந்தாய். நம் அணியில் ஆறு பேர், நான் தலைவன். இரண்டாம் நாள் சமையல் கூடாரத்தில் வெல்லம் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நீ காணாமல் போவாய். ஈரத் தலையோடு திரும்புவாய்.

"எங்கடா போன?"

"சும்மா, வாய்க்கா வரைக்கும்."

தின்ற வாயைக் கழுவத்தான் போகிறாய் என்று எனக்குப் பட்டது. அப்புறம் நீ சிரித்தாலும் சந்தேகம், பேசாமல் இருந்தாலும் சந்தேகம்.

நான்காம் நாள் உன் பின்னாலேயே வந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், கரைப்புல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் ஆற்றைக் கடக்கும் பயிற்சி. அதற்குள் நீந்தக் கற்றுக்கொள்ளப் பார்த்தாய்! நான் சாரணர் படை மாஸ்டரிடம் ஓடினேன்.

"சார், அந்தோணிக்கு நீச்சல் தெரியாதுங்க. வெல்லத்தையும் அவந்தான் எடுக்கறானுங்க."

நீச்சலைச் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் நீ முழுகியிருப்பாய். வெல்லத்தை நீ எடுத்து நான் பார்த்ததே இல்லை. முன்னது உண்மையாக இருந்ததால் பின்னதையும் அவர் நம்பிவிட்டார்.

"சாரணன் நம்பிக்கைக்கு உரியவன்னு சொல்லித்தானேடா உறுதிமொழி எடுத்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, உன் சாரணர் கழுத்துத் துணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, படையை விட்டே நீக்கிவிட்டார். நீச்சல் பொய்யை நீ ஒப்புக்கொண்டாய். "வெல்லம் நான் எடுக்கலைங்க சார்" என்று ஒரே ஒருமுறை சொன்னாய். என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் திரும்பவில்லை?

இரண்டு வருஷம் கழித்து, நம் அணியிலிருந்த கந்தசாமி, தின்றது தான்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்து வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "மாஸ்டர்கிட்ட யாரு சொன்னது?" என்று கேட்பாயே.

என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தாய். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். எல்லாம் தெரிந்துகொண்டே செய்கிறாயோ என்று ஒவ்வொரு முறையும் உன் முகத்தைத் துழாவினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது ராசிபுரத்தில் நான் வாத்தியார். சாரணர் படையும் என் பொறுப்பில்தான். சீனாச் சண்டைக்குப் பிறகு பெற்றவர்களுக்குப் பயம். "முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்து, பொறவு பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போயிருவீங்களாமே?" என்கிறார்கள். "என்னை நம்பி அனுப்புங்க" என்கிறேன். அதைச் சொல்லும்போது நாக்கு கூசுகிறது, மாப்பிள்ளை.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருகிறேன். அன்னம்மாவை உட்காரவைத்து, நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா, தெரியாது. கூப்பிடாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

இன்னமும் உன் மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொள்ளும்,
பழனிவேல்