தலைகீழாக அழுத்திய பொத்தான்

வாலுவின் அப்பாவுக்கு,

வாலுவின் அம்மா எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் உங்கள் செல்ல மகளும் சுகம். அங்கே நீங்களும் அப்படித்தானே? தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் திருப்பித் தரும்போது, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். உன் வீடியோ படிப்பில் முதல் வருஷம் முடிகிறதே, இங்கே வீடு பார்த்தாகிவிட்டது, இந்த மாதக் கடைசியில் கிளம்பி வா என்று நீங்கள் எப்போதோ சொன்னீர்கள். நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வாலு. இருமல் போயே போய்விட்டது. ஆனாலும் நேற்று ஒரு தும்மல் போட்டாள்; நான் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டேன். உங்கள் அப்பாதான், தும்மினதுக்கெல்லாம் போனா டாக்டர் ஊரை விட்டே ஓடிடுவாரும்மா என்று தடுத்தார். என்னைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வேறு. எதற்கெடுத்தாலும் ‘கட்!’ என்று கத்துகிறாள். கத்தினால் அசையக் கூடாதாம். மாமா பாவம், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி சிலை மாதிரி நிற்கிறார்.

இனி காலேஜ் சங்கதி. வருஷக் கடைசி வேலையாக, நிஜமாகத் தொழில் செய்யும் ஒருவருக்கு ஒரு சின்ன வீடியோவும் அதைப் போட ஒரு வெப்சைட்டும் செய்து தர வேண்டும். நான் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் அக்காவைப் பிடித்தேன். தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. அவர் பிரேக் என்று சத்தம் போட்டால் பக்கத்துத் தெரு வண்டியும் நின்றுவிடும். புது உடுப்பு, முகம் நிறையப் பவுடர், சட்டையில் மைக் என்று அவர் ஓட்டப் பழகும் பெண்களோடு முன்னால் உட்கார, நான் கேமராவோடு பின் சீட்டில். நாள் முழுக்க எடுத்துத் தள்ளினேன்.

காலேஜுக்கு வந்து திறந்து பார்த்தால் என் செருப்பு! அடுத்ததில் சீட்டின் முதுகு. அதற்கடுத்ததில் வானம். ஆரம்பத்திலேயே பதற்றத்தில் பொத்தானை இரண்டு முறை அழுத்தித் தொலைத்திருக்கிறேன். வெயிலில் சிவப்பு விளக்கு கண்ணுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம், எடுக்கிறேன் என்று நினைத்து அழுத்தும்போதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது, நிறுத்துகிறேன் என்று அழுத்தும்போதெல்லாம் ஓடியிருக்கிறது. அக்கா மனப்பாடம் செய்து பேசியதில் ஒரு வார்த்தைகூட இல்லை. மறுநாளே மார்க் போடுகிறார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்த்தால், சங்கதி எல்லாம் அங்கேதான் இருந்தது! மடியில் சாய்ந்து கிடந்த கேமரா, முன்னால் தொங்கும் கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பிடித்திருக்கிறது. அம்மா தாயே, கிளட்சை மிதிக்கச் சொன்னா எறும்பை மிதிக்கிற மாதிரி பயப்படுறியே என்று ஒருத்தியைக் கிண்டல் செய்கிறார். அதே பெண் முதன்முறையாக ரிவர்ஸ் எடுத்து வண்டியைச் சுவரோரம் நிறுத்தியதும், இரண்டு பேரும் போட்ட கூச்சலில் கேமராவே குலுங்கியது. அதையெல்லாம் கோத்தேன். முதல் காட்சியாக என் செருப்பையே வைத்தேன்.

வகுப்பே சிரித்தது. நேரில் பார்க்க வந்த அக்கா, நான் பூசின பவுடரெல்லாம் எங்கேடி போச்சு என்று முதலில் பாய்ந்தார். பிறகு திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் புதிதாய்ப் பெண்கள் கூப்பிடுகிறார்களாம். இரண்டாம் வருஷத்துக்கு உனக்கு இடம் இருக்கிறது, வருகிறாயா என்று இந்த வாரமே சொல் என்கிறார்கள் காலேஜில்.

வீடியோவில் சேர்க்காத துண்டு ஒன்று உண்டு. அக்கா என்னிடம், அடுத்த வருஷமும் படிக்கிறியா, இல்ல வீட்டுக்காரரோட போறியா என்று கேட்கிறார். அப்புறம் வெறும் இன்ஜின் சத்தம். ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் என் குரல்: அக்கா, இடது பக்கம் சைக்கிள் வருது. அதைக் கேட்ட பிறகு, எனக்கு இங்கேயே படிக்கத்தான் ஆசை என்பதை என்னிடமே மறைக்க முடியவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை நான்; அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

வீடியோவை அனுப்பியிருக்கிறேன். ஆபீசில் போட்டுப் பார்க்காதீர்கள், சிரித்து மாட்டிக்கொள்வீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரைத்துணி எடுக்கப் போவதாகச் சொன்னீர்களே, அதை மட்டும் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாமா? துணி எங்கேயும் ஓடிப்போகாது. நானும்தான்.

என்றும் உங்கள்,
வாலுவின் அம்மா