குருவிக்குப் போட்ட வெள்ளைத் தூள்

12.2.96
கம்பஸில் எங்களுக்கு விலங்கியல் கற்பிக்கும் கதிர்காமநாதன் சேர் ஒரு கோழை. கொட்டாஞ்சேனையில் மர்ஸூக்கின் கூண்டுப் பறவைக் கடையில் செத்த, பன்ரிங் என்னும் வலசைக் குருவி, செந்தலை இனத்துப் பேடு என்று அவருக்கும் தெரியும். பதிவேட்டில் அப்படி எழுத மாட்டார். இலங்கைப் பறவைப் புத்தகத்தில் கருந்தலை இனம் மட்டும்தானாம். "வெள்ளைக்காரன் பிரிச்சதை நீர் மாத்தப்போறீரோ?" இரண்டு இனத்திலும் பேடு ஒரே மங்கல் நிறம்தான். ஆனால் இதன் அலகு குட்டை, முதுகில் செம்மை இல்லை. முன்பு பன்ரிங்குகளைப் பிஞ்ச் என்ற இன்னொரு குருவிக் குடும்பத்தில் போட்டார்கள். பிறகு தனிக் குடும்பம் ஆக்கினார்கள். மாற்றியவர்களும் மனிதர்கள்தானே?

13.2
வெள்ளவத்தை லொட்ஜ் அறையிலேயே தோலை உரித்தேன். பழுதாகாமல் இருக்கப் போராக்ஸ் என்ற வெள்ளைத் தூள், உள்ளே பஞ்சு, கம்பி. அறைத்தோழன் பழனிமுத்து — அட்டன் தேயிலைத் தோட்டத்துக்காரன், சாப்பாட்டுக் கடையில் வேலை — மூக்கைப் பொத்தினான். "பொணத்தோட குடித்தனமாங்க? எனக்கு யாரு பொண்ணு தருவா?"

15.2
லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு. நான் கம்பஸில். வெள்ளைத் தூள், கம்பி — குண்டு என்று பழனிமுத்துவைக் கொண்டுபோய்விட்டார்கள். லொட்ஜ் நடத்தும் பத்மாவதி அக்கா அழுதார்: "தலைமயிரில பிடிச்சுப் படியால இழுத்தவங்கள். முகமெல்லாம் ரத்தம். தூள் ஆரின்ர எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள். பெடியன் உன்ர பேரைச் சொல்லேல்லை."
ஏன்டா சொல்லவில்லை?

16.2
பொலிசுக்குப் போனேன். தூள் என்னுடையது, குருவியைப் பதப்படுத்த, எங்கள் சேருக்குத் தெரியும் என்றேன். மேசையில் இருந்த பொலிஸ்காரன் சிரித்தான். லொட்ஜிலிருந்து எடுத்து வந்திருந்த குருவியின் தலையைப் பிய்த்து எறிந்தான். பிறகு என் காதைப் பொத்தி ஓர் அறை. அந்தக் காது இன்னும் கேட்கவில்லை. மற்றக் காதில், உள்ளே பழனிமுத்து கத்துவது கேட்டது. உன் சேர் நேரில் வந்து சொன்னால் விடுவேன் என்று வெளியே தள்ளினான்.

17.2
பம்பலப்பிட்டியில் சேரின் வீடு. சேர் கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை. "வந்தா என்னையும் இருத்திப்போடுவாங்கள், தம்பி. அவன் உமக்கு ஆர்? தோட்டக்காட்டான்தானே."
ஒரு குருவியை இனம் பிரிக்கத் துணியாத மனுசன். ஆளைப் பிரிக்க ஒரு சொல் போதும். கதவில் குத்தினேன். முட்டி கிழிந்தது.

18.2
சேர் வீட்டில் இல்லையாம். அப்ப உள்ளே இருமினது ஆர்?

21.2
பழனிமுத்துவின் தாய் சீனியம்மா அட்டனிலிருந்து வந்தார். இருவரும் பொலிசுக்குப் போனோம். அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லையாம் — அதே ஆள், அதே மேசை. முற்றத்துச் சுவரோரம் செருப்புக் குவியல். அவர் குனிந்து கிளறினார். வார் அறுந்து ஊசி குத்திய ஒரு செருப்பை எடுத்தார். "பொங்கலுக்கு வந்தப்ப நாந்தான் குத்திக் குடுத்தேன்." உள்ளே போய் அதை மேசையில் வைத்தார்.
"இதைப் போட்டிருந்தவன் எங்க? எம்புள்ளயக் காட்டு."
அதை நான் அவனுக்குச் சிங்களத்தில் சொன்னேன். திரும்பவும் சொன்னேன்.
அவன் செருப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.