கல்யாணத்தை நிறுத்த ஒரு வார்த்தை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பால் நலம், எங்கள் பேச்சுவார்த்தைக்குத்தான் நேற்றுவரை ஐந்து நாள் சுகமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, எழுது. உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் இந்தக் கடிதம், உன் அண்ணன் பேச்சும் வரும், கோபப்படாமல் கடைசிவரை படி. நானும் அம்மாவும் மாத இதழில் மாறி மாறி எழுதும் சரித்திரத் தொடர்கதை உனக்குத் தெரியும், ஒற்றைப்படை அத்தியாயம் என்னுடையது, இரட்டைப்படை அவளுடையது, ஒருவர் எழுதுவதில் மற்றவர் மூக்கை நுழைத்தால் குடித்தனம் நடக்காது என்பதால் அச்சில் வந்த பிறகுதான் படிப்போம். வெள்ளத்தில் பிரிந்த அனாதைகள், அண்ணனுக்கு ஆறு வயது, தங்கைக்கு நாலு, இருவருக்கும் காதுக்குப் பின்னால் மச்சம். அண்ணன் வளர்ந்து தளபதி ஆகிவிட்டான். தங்கை வேறு யாருமில்லை, அரண்மனைக்குப் பூக் கொண்டுவரும் பெண்தான் என்று அம்மா இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் உடைத்தாள். அந்த மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். படித்துவிட்டதாக அவளிடம் சொன்னேன், படிக்கவில்லை. இருபத்து மூன்றில் தளபதியையும் பூக்காரியையும் நிலா வெளிச்சத்தில் படகில் ஏற்றிக் கரை சேர்வதற்குள் காதலிக்க வைத்துவிட்டேன். எதையும் படிக்காத ஆசிரியர் 'அடுத்த இதழில் திருமணம்' என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார், பதில் சொல்ல வாயும் விடவில்லை, கருவியையும் எடுக்கவில்லை. முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு கத்தரியைக் கீழே வைத்துவிட்டார், கல்யாணம் நின்றால்தான் மீதியாம், தொப்பியோடு திரிகிறேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் அந்தத் திருமணத்துக்கு இடைக்காலத் தடை என்று ஒரு தாளில் எழுதிப் பழைய முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார், அம்மா அதைப் பயபக்தியோடு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

இருபத்து நான்கு அம்மாவின் முறை, இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். பூக்காரி முகம் கழுவும்போது மச்சம் போய்விட்டது, அது வெறும் மை என்று எழுதிவிடேன் என்று ஒரு சீட்டில் யோசனை சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் என்று அதன் பின்பக்கத்திலேயே பதில் வந்தது. மணமேடையில் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதாக அவளே எழுத உட்கார்ந்தாள். பதினோரு தாள் கிழிந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் என்னிடம் வாய் திறந்தாள். "அண்ணனும் தங்கையும் பிரிஞ்சு திரும்பப் பார்த்தா முதல்ல என்ன பேசுவாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நம்ம வீட்டுலயே மூணு வருஷமா அது நடக்கலையே" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன், கண் ஆபரேஷன் ஆனவன் அழக்கூடாது என்று அதற்கும் திட்டினாள்.

ஒரு பீரோவை நீயே எடுத்துக்கொள், இல்லை நீயே எடுத்துக்கொள் என்று விட்டுக்கொடுக்கப் போய்ச் சண்டையாகிப் பேச்சை நிறுத்திய பிள்ளைகளை உலகத்தில் நாங்கள்தான் பெற்றிருக்கிறோம். அந்த பீரோ இன்னும் நடையில்தான் நிற்கிறது, நாங்கள் பக்கவாட்டில் நடந்து பழகிவிட்டோம். கதையில் வருகிற பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் இல்லை, சொந்தப் பெயர்கூட மறந்துவிட்டது, இருந்தும் இருபத்து மூன்று அத்தியாயமாகத் தேடுகிறார்கள். உங்கள் இரண்டு பேரிடமும் நம்பர் இருக்கிறது. அண்ணனுக்கு ஒரு போன் போடம்மா. முதலில் யார் என்ன சொன்னீர்கள் என்று அப்படியே எழுதி அனுப்பு, திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மா சரிசெய்து போட்டுக்கொள்வாள்.

வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு, உனக்கு எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒன்றை மறக்காதே, இதே கடிதம் அண்ணன் என்ற இடத்தில் தங்கை என்று மாற்றி அவனுக்கும் போகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் லைன் பிஸி என்றுதான் வரும், எடுக்கவில்லை என்று நினைத்து வைத்துவிடாதே, இன்னொரு தடவை போடு.

இப்படிக்கு,
பாதித் தலையோடு,
உன் அப்பா