அப்பா கிளம்பிவிட்டார்

டிசம்பர் 14
இந்த வடகோடிப் பனி ஊர்ப் பள்ளியில் கிறிஸ்மஸ் நாடக ஒத்திகை. மூன்று ஞானிகளில் ஒருவன் பனிக்கரடியாகத்தான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். வந்துவிட்டுப் போகட்டும்.

மாலையில் தம்பி கிளமெண்ட் அல்பெர்ட்டாவிலிருந்து கூப்பிட்டான். எண்ணெய் வயலில் லீவு இல்லையாம். அம்மா போனபின் அப்பாவுக்கு இது முதல் கிறிஸ்மஸ், நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரக் குட்டித் தீவு வீட்டில் தனியாக. “நீ அந்த வேலையை விட்டுட்டு அப்பாகூட வந்து இருந்துடுக்கா. உனக்கென்ன?” என்றான்.

எனக்கென்ன! கல்யாணம் ஆகாதவளுக்கு விட்டுவர எதுவும் இருக்காது என்று நினைப்பு.

டிசம்பர் 16
ஜனவரியில் திரும்பி வருவேனா என்று தலைமையாசிரியர் கேட்டார். ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். திரும்பாமலும் போகலாம் என்ற உண்மையை லீட்டியா அக்காவிடம் மட்டும் சொன்னேன். வகுப்பில் நான் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், அவள் இந்த ஊர் மக்களின் மொழியான இனுக்டிடுட். ஏழு வருஷமாக ஒரே வகுப்பறை. அவள் வீட்டுத் தரையில் அட்டையை விரித்து, உறைந்த மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுப்பு நிறைந்த வயிற்றுத் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

டிசம்பர் 20
பனிப்புயல். நான் ஊருக்குப் போகவிருந்த விமானம் வரவில்லை.

டிசம்பர் 21
இன்றும் இல்லை. ஊர்க் கூடத்தில் விளையாட்டும் ஆட்டமும் தொடங்கிவிட்டன. விமானம் எந்த நேரமும் வரலாமே என்று கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படியே இழுத்து ஆடவிட்டார்கள். “உன்னை அனுப்ப வானத்துக்கே மனசில்ல. நாங்க என்ன பண்ண?” என்றாள் லீட்டியா அக்கா. சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

டிசம்பர் 22
வானம் சற்றுத் திறந்தது, விமானம் வந்தது. விமானம் மாற வேண்டிய இக்காலுவிட் நகரம் வரை வந்து சேர்ந்தேன். தெற்கே போகும் விமானம் ரத்து.

அப்பாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எங்கே போயிருப்பார்? படகுத்துறையில் வழுக்கி விழுந்துட்டாரா? யாராவது பார்த்தாங்களா இல்லையா — ஐயோ, நான் ஏன் இவ்ளோ தூரத்துல இருக்கேன்?

கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போட்டேன், ட்ரைஃபீனா அத்தை எடுத்தார். “உங்கப்பா காலைக் கப்பல்லயே போயிட்டாரேம்மா. செயிண்ட் ஜான்ஸ் ஏர்போர்ட்டுக்கே போய் உன்னைக் கூட்டிட்டு வரேன்னார். உனக்குத் தெரியாதா?”

அப்பாவா? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைத் தவிர அந்தத் தீவை விட்டு நகராதவர்.

டிசம்பர் 23
அப்பா விமான நிலையத்திலேயே இருக்கிறாராம். ட்ரைஃபீனா அத்தையின் மருமகன் நகரத்தில்தான் இருக்கிறான். வீட்டுக்கு அழைத்தும் ராத்திரி தூங்க மட்டும் போகிறார். “அவ இறங்கறப்ப நான் இல்லேன்னா?” என்று கேட்டாராம்.

டிசம்பர் 25
இன்னும் இக்காலுவிட்தான். லீட்டியா அக்காவின் சித்தி மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். மான் கறி சூப்பு, வீடு நிறைய ஆள்.

மதியம் அப்பா பேசினார். அங்கே கூட்டிப் பெருக்கும் பெண் தன் போனைக் கொடுத்தாளாம்.

“கிறிஸ்மஸ் வந்துடுச்சேப்பா, நான் வரலியே.”

“நம்ம தீவு வழக்கப்படி பழைய கிறிஸ்மஸ் ஜனவரி ஆறாம் தேதிதானேம்மா. அதுவரைக்கும் நமக்குப் பண்டிகைதான். என்ன அவசரம்?”

வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றேன். “வீட்ல முடியலம்மா. கெட்டில் கொதிச்சாக்கூட உங்கம்மா ஏதோ சொல்றா மாதிரி இருக்கு. இங்க ஆளுங்க போறாங்க, வராங்க. நல்லாருக்கு.”

என்னை அழைத்துப் போக மட்டும் அவர் கிளம்பவில்லை.

டிசம்பர் 27
இறங்கினேன். டை கட்டி, சவரம் செய்து அப்பா நின்றிருந்தார். காபிக்கடைப் பெண்ணிலிருந்து காவல்காரர் வரை எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. “ரோடா வந்துட்டியா” என்று யாரோ ஒரு கிழவர் கைகொடுத்தார். அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார். காரில் ஏறும்வரை என் கையை விடவில்லை.

டிசம்பர் 31
தீவில் வருஷாவருஷம் போல, ஊர்க்காரர்களே வேஷமிட்டு வீடுவீடாகப் போகும் முகமூடிக்காரர்கள் வந்தார்கள். தலையணை உறையில் முகம், சட்டைக்குள் பஞ்சுத் திணிப்பு. யாரென்று கண்டுபிடிப்பதில் அப்பா கெட்டிக்காரர். அத்தனை பேரையும் சொல்லிவிட்டார். அவர்கள் போனதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது.

அப்போது சொன்னேன். “நான் இங்கயே இருந்துடறேன்ப்பா.”

“எதுக்கு? நான் ஒருத்தனா உங்கம்மா நாற்காலியைப் பார்த்துட்டிருக்கேன். நீ வந்தா ரெண்டு பேராப் பார்ப்போம். வேணாம்மா.”

அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார். திரும்பாமலே கேட்டார்: “உன் ஊர்ல என்னை மாதிரி ஆளுக்குப் பொழுது போகுமா?”

ஜனவரி 3
தலைமையாசிரியரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருவர் வருகிறோம் என்றும்.

ஜனவரி 11
பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அப்பா இல்லை. தேடிக்கொண்டு போனேன். லீட்டியா அக்கா வீட்டு முன்னறையில் பனிவண்டி எஞ்சினைப் பிரித்துப் போட்டு, அவள் கணவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இனுக்டிடுட்டில் ஏதோ சொல்கிறார், அப்பா ஆங்கிலத்தில் மறுக்கிறார். இருவருக்கும் கையெல்லாம் கிரீஸ்.

சாப்பாட்டு நேரமாயிற்று, வாங்க போகலாம் என்றேன்.

அப்பா தலை நிமிரவில்லை. “நீ போய்ச் சாப்பிடும்மா. எனக்கு இங்க வேலை இருக்கு.”