ஷீல்டு ஆட்டத்தன்று அடித்த மணி

பாளையங்கோட்டை,
1913 அக்டோபர் 21

அன்பு மகன் இஸ்ரவேலுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை பியூலாவும் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி ரங்கூனில் இருக்கிற உன் சரீர சுகத்துக்கும் பள்ளிக்கூட உத்தியோகத்துக்கும் ஒரு குறைவும் வராதபடி இரண்டு வேளையும் ஜெபத்தில் உன் பேரைச் சொல்லிக் கேட்கிறோம். உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. அம்மா அதை பியூலாவிடம் கொடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, ஆற்றில் செந்தண்ணீர் போகிறது, கோயிலில் வடபுறத் தாழ்வாரம் வழக்கம்போல் ஒழுகுகிறது, நானும் வழக்கம்போல் வாளி வைத்துக்கொண்டு அலைகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைவிடக் குறைச்சல். பியூலா பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள், அது என் பக்கத்து ரத்தம் என்று அம்மா சொல்கிறாள்.

இங்கே ஷீல்டு புட்பால் பந்தயம் நெருங்கிவிட்டது, அதனால் ஊரில் ஒருவருக்கும் வேறு வேலை கிடையாது. ஆற்றுக்கு இக்கரையில் நம் கல்லூரிக் கட்சி, அக்கரையில் டவுன் கல்லூரிக் கட்சி, நடுவில் பாலம், பாலத்தின் நம் பக்க முனையில் முத்துமாலையின் வெற்றிலைக் கடை. கோர்ட்டு கலைந்ததும் அந்தக் கடை வாசலில்தான் ஷீல்டு யாருக்கு என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. நம் பக்கத்துக்கு ஞானையா வாத்தியார், அக்கரைக்கு வக்கீல் குமாஸ்தா ஐயம்பெருமாள். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக் காலால் தொட்டவர்கள் இல்லை, ஆனால் பேச்சைக் கேட்டால் துரைமாரே இவர்களிடம் வந்து படிக்கவேண்டும் என்று தோன்றும். டவுன் கட்சியில் வன்னியராஜ் என்று புதிதாக ஒருவன் பின்வரிசையில் நிற்கிறானாம், அவனைத் தாண்டிப் போக நம்மிடம் ஆள் இல்லை என்று ஐயம்பெருமாள் சொல்கிறார். நம் முன்வரிசைப் பையன்கள் எல்லாரும் ஒல்லி, ஞானையா அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார், ஒல்லியாக இருந்தால்தான் இடுக்கில் நுழைந்து போவானாம். தூத்துக்குடிக்காரர்கள் இந்த வருஷம் பதினொரு பேரும் பூட்ஸ் போட்டு இறங்கப்போகிறார்கள் என்றதும் இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள், ஈர மண்ணில் பூட்ஸுக்காரன் நாலு தரம் விழுந்தால் கழற்றி எறிந்துவிடுவான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. நாகர்கோவில்காரர்களைப் பற்றி மட்டும் ஒருவரும் சத்தமாகப் பேசுவதில்லை, பயம்.

ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் 1909-ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தில் வந்துதான் நிற்கும். நான் அந்தப் பக்கமாகப் போனால் போதும், ஞானையா, கோயில் மணி அடிக்கிற என்னைக் காட்டி, “அன்னைக்குக் கர்த்தரே கயித்தப் பிடிச்சு இழுத்தாரு வே, நம்ம கோயில்பிள்ளை கையி வெறும் சாக்கு” என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். ஐயம்பெருமாள் அப்போதும் என்னை விட்டுக்கொடுக்கமாட்டார். “தோத்தது தோத்ததுதான். மணியக் குத்தம் சொல்லக்கூடாது. கோர்ட்டே அவரு மணிக்குத்தான் கூடுது” என்பார். ஞானையாவின் கேலியைப் பொறுத்துக்கொள்வேன். ஐயம்பெருமாளின் நியாயம்தான் எனக்குத் தாங்காது, வெற்றிலைகூட வாங்காமல் நடந்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் கடிதத்தை வாசித்த பிறகு இனிமேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

ரங்கூனில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கிறிஸ்மஸ் பந்தயத்துக்கு ஒரு கட்சி கட்டுகிறீர்கள், உன்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். டவுன் ஆவுடைநாயகம் பிள்ளையின் மகன் குற்றாலலிங்கம் அங்கே தபாலாபீசுக்கு வந்திருக்கிறான், அவனையும் சேர்க்கவேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள், என் அப்பாவைப் பொய்யர் என்று சொன்னவனோடு நான் ஒரு மைதானத்தில் இறங்கமாட்டேன், அவன் வந்தால் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் அதை எழுதியிருக்கிறாய். அந்த வரியை பியூலா வாசித்தபோது அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் எழுந்து கோயிலுக்குப் போய் ஒழுகாத இடத்தில் வாளியை வைத்தேன்.

மகனே, குற்றாலலிங்கம் சொன்னது நிஜம். அன்றைக்கு நான் மணியை நாலு நிமிஷத்துக்கு முன்னாலேயே அடித்தேன்.

நம் மைதானத்து ஏற்பாடு உனக்குத் தெரியும். கோயில் நிலத்தில் விளையாட இடம் கொடுத்த நாளிலேயே, ஆறு மணிக்கு ஆராதனை மணியின் முதல் அடி விழுந்தால் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆட்டம் முடிந்தது, விசிலுக்கும் அங்கே அதிகாரம் கிடையாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். யார் வந்து விளையாடினாலும் அதற்கு ஒப்புக்கொண்டுதான் இறங்கினார்கள், ஏனென்றால் என் மணி பிசகாது. அப்போது எனக்கு அந்தக் கயிற்றோடு இருபத்திரண்டு வருஷம். ஆராதனை அறைச் சுவரில் கடிகாரம், அதற்கு எதிரே கயிறு, கயிற்றுக்குப் பக்கத்தில் மைதானத்தைப் பார்த்த ஜன்னல். அன்று நாம் ஒரு கோல், அவர்கள் ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறுக்கு நாலு நிமிஷம் இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன், குற்றாலலிங்கம் பந்தோடு வருகிறான், நம் பின்வரிசை ஆட்கள் இரண்டு பேரையும் தாண்டிவிட்டான், கோல் வாசலில் நீ ஒருவன்தான். அவன் அடித்தால் உனக்குப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. கை தன்னால் இழுத்துவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிவந்தேன். அதுவும் பொய். நான் பார்த்தேன், நினைத்தேன், இழுத்தேன். நீ கையைத் தொங்கவிட்டாய், அவன் பந்தை உள்ளே அடித்தான், விசில் வைத்திருந்த துரை அது கோல் இல்லை என்றார். நம் சனம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவன், “மணி பொய்லே, உங்கப்பா பொய் மணி அடிச்சிட்டாரு” என்று கத்தினான். நீ தோளிலிருந்து குதித்து, “எங்கப்பா மணியா பொய்” என்று கேட்டு அவன் கன்னத்தில் அடித்தாய். குறுக்குத்துறையில் ஒன்றாக நீந்தினவர்கள், ஒரே புஸ்தகத்தை இரண்டு பேரும் படித்தவர்கள். கிறிஸ்மஸ் அன்று வீட்டுக்குத் தெரியாமல் வந்து நம் அடுக்களையில் உட்கார்ந்து உன் அம்மாவின் முந்திரிக்கொத்தைத் தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு பாலம் ஏறுவான். அந்தப் பிள்ளையை நீ எனக்காக அடித்தாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போதே இறங்கி வந்து சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

மறுநாள் டவுன்காரர்கள் விசாரணை கேட்டார்கள். பந்தயக் கமிட்டியார் ஆராதனை அறையிலேயே உட்கார்ந்து, அதே கடிகாரத்துக்குக் கீழே என்னை நிறுத்தி, மணி சரியான நேரத்தில் அடித்ததுதானா என்று கேட்டார்கள். நீ எனக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். சரியாகத்தான் அடித்தேன் என்றேன். கோயில்பிள்ளை சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு என்று எழுந்துவிட்டார்கள். குற்றாலலிங்கம் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி இறங்கலாம் என்று தீர்ப்பு. அவன் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவன் கல்லூரிக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை, இரண்டு வருஷம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான். இன்னொன்றும் கேள். அன்று மாலை என் மணிக்குக் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்ட ஐயம்பெருமாள், மறுநாள் காலை மணியோடு அது நாலு நிமிஷம் முந்திப் போவதைப் பார்த்து, கடிகாரம் கெட்டுவிட்டதென்று பழுது பார்க்கக் கொடுத்தார். அதை என்னிடமே சொல்லி வருத்தப்பட்டார். நல்ல கடைக்காரனாகப் பார்த்துக் கொடும் என்று நானும் சொன்னேன். எப்படிச் சொல்ல வாய் வந்தது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உன் கடிதம் வந்த அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அப்பம் அந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வாறத நிறுத்துனது உங்களாலயா” என்று மட்டும் கேட்டாள். நேற்று குடையை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஆவுடைநாயகம் பிள்ளை வீட்டுக்குப் போனேன். நாலு வருஷமாக அந்தத் தெருவை நான் மிதித்ததில்லை. அவர் என்னைக் கண்டதும் நாற்காலி போடச் சொன்னார், நான் உட்காரவில்லை. பிள்ளைவாள், உங்கள் மகன் அன்று சொன்னது நிஜம், நான்தான் பொய்யன் என்று சொல்லி முடித்தேன். அவர் மடியிலிருந்து தம் கடிகாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து, மூடினார். “தெரியும் வே. அன்னைக்கு நானும் கோட்டுக்குப் பக்கத்துலதான் நின்னேன். இதுல நாலு நிமிசம் பாக்கி இருந்துச்சு” என்றார்.

விசாரணையில் இருந்தீர்களே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லத்தான் வந்தேன். உம்ம மகன் உம்ம முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கான். அவனுக்கு முன்னால உம்மப் பொய்யன்னு சொல்ல எனக்கு வாய் வரல வே. நானும் ஒரு பிள்ளையப் பெத்தவன்தானே” என்றார். பிறகு பைய, “என் பிள்ள முகத்தப் பாக்க மறந்துட்டேன்” என்றார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தும் சும்மா இருந்துவிட்டார் என்று குற்றாலலிங்கத்துக்குத் தெரியுமாம். அன்றிலிருந்து வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில். ரங்கூனுக்குக் கப்பலேறப் போனபோது தாயார் காலில் விழுந்து சொல்லிக்கொண்டவன், இவரிடம் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டானாம். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வாசலுக்கு வந்து, உம்ம மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாலம் ஏறினேன். உன்னைக் காப்பாற்ற நான் ஒரு பொய் சொன்னேன், உன்னைக் காப்பாற்ற அவர் ஒரு நிஜத்தை விழுங்கினார், இரண்டுக்கும் சேர்த்து அவர் மகன் சுமந்திருக்கிறான்.

இன்று காலை நம் சபைப் போதகர் ஐயரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வருகிற ஞாயிறு ஆராதனையில் நானே எழுந்து நின்று சொல்லப்போகிறேன், பந்தயக் கமிட்டியாருக்கும் எழுதிக் கொடுக்கிறேன். கல்லூரி மண்டபத்தில் ஷீல்டுக்குக் கீழே உன் பேர் எழுதியிருக்கிறது, அது அங்கே இருக்குமோ இருக்காதோ தெரியாது. உன் பேருக்கு நான் செய்த கெடுதல் இது, இதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்படு, திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிடும்படி நானே ஐயரிடம் கேட்டுக்கொண்டேன். ஊர் நம்பினது என் கையை, அதை நானே கெடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முத்துமாலை கடை வாசலில் என்ன பேசுவார்களோ தெரியாது. ஐயம்பெருமாள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் பெரிய கவலை. ஆனாலும் ஊருக்குத் தெரியும் முன்னால் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

நீ செய்யவேண்டியது ஒன்றுண்டு. உன் வாயால் சொல்லிப் பூசி மெழுகாதே. இந்தக் கடிதத்தையே கொண்டுபோய் அவன் கையில் கொடு. அவன் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில். அவன் உன்னை ஒரு அடி அடித்தால் வாங்கிக்கொள், அது என் கணக்கு. தன் அப்பாவுக்கு ஒரு வரி எழுதச் சொல், அவர் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் மைதானத்துக்குப் போங்கள். நீ கோல் வாசலில் நில், அவன் அன்றைக்கு வந்ததுபோல் பந்தோடு வரட்டும். உன்னால் பிடிக்க முடிந்தால் பிடி, முடியாவிட்டால் விடு. இந்தத் தடவை மணி அடிக்கமாட்டேன்.

மழையில் நனைந்த உடுப்போடு இருக்காதே, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. நம் சபைப் பையன் ஒருவன் நவம்பர் முதல் வாரம் கப்பலேறுகிறான், அவன் வசம் அம்மா முந்திரிக்கொத்து இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புகிறாள். நூல் கட்டியது உனக்கு. நாடா கட்டியது குற்றாலலிங்கத்துக்கு, அதை நீ பிரிக்கக்கூடாது என்று கண்டிப்பாக எழுதச் சொன்னாள். கர்த்தர் உன்னையும் அவனையும் காத்து, ஒரே கட்சியில் நிறுத்துவாராக. எப்போதும் பேருக்கு முன்னால் கோயில்பிள்ளை என்று போடுவேன், இன்றைக்குப் போடக் கை வரவில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் அப்பா,
ஜேசுதாசன்