குடிக்காதவருக்குக் கலந்த பொடி

என் தங்க அப்பாவுக்கு,

அரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்று கவலைப்படுவீர்களே, ஊசி குத்தும்போது மட்டும் நன்றாகவே பேசுகிறேன்.

போன மாதம் உங்கள் ஃபைலைப் பிரித்தேன். மாதா கோயில் மருத்துவ முகாமில் எடுத்த முதல் ரிப்போர்ட் மேலே இருந்தது. நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி நூற்றெண்பது. "குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "காப்பி குடிப்பனுங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. நானும்தான் அப்பா.

பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, குடியை நிறுத்தும் பொடியை வாங்கி வந்தது நான். உங்களுக்குத் தெரியாமல் அம்மா அதைக் குழம்பில் கலந்தார். "என்ன பாப்பா, கொழம்பு கசக்குது?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். வெந்தயம் என்றேன். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். தெரிந்துதான் சாப்பிட்டீர்களா?

அந்த நொதி கல்லீரல் செல்லுக்குள் இருப்பது. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். ஏதோ சிதைக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டும். எது சிதைக்கிறது என்று காட்டாது. குடியால் கெட்ட கல்லீரலில் பெரும்பாலும் எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதிதான் அதிகமாக நிற்கும். உங்களுக்கு அது எஸ்ஜிபிடியில் பாதிகூட இல்லை. அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்த பரிசோதனைத் தாளில், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் என்று தெளிவாக இருக்கிறது. அது கைக்கு வந்தபோது உங்களை அடக்கம் செய்திருந்தோம். பிரிக்காமலே ஃபைலில் வைத்துவிட்டோம்.

அந்தப் பொடியில் என்ன இருந்தது? ஏற்கெனவே கெட்டிருந்த கல்லீரலை அது என்ன செய்திருக்கும்? டாக்டரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த வைரஸ் வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடியது, எல்லோரும் பரிசோதிக்க வேண்டும் என்றேன். தம்பி மறுத்தான். "லிவர் டெஸ்ட்டுன்னா ஊரு என்ன பேசும்க்கா? அப்பனாட்டமே புள்ளையும்னு சித்தப்பாவே மொதல்ல சொல்லுவாரு."

தாளைப் படித்துக் காட்டினேன். அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப அந்த மனுசன் நெசமாவே குடிக்கலயா?" என்றார். பிறகு புடவையை ஒதுக்கிக் கையை நீட்டினார். "எனக்கு மொதல்ல குத்து பாப்பா. அவன் பாத்துட்டு வரட்டும்."

அவனும் வந்தான். அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டோம். தம்பிக்கு வைரஸ் இருக்கிறது அப்பா. ஆனால் எஸ்ஜிபிடி முப்பதுதான். இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அவன் கையில் ஊசி குத்துவது எப்போதும் நானாகத்தான் இருக்கும்.

ஒரே வீட்டில் உங்களோடு பிறந்து வளர்ந்த சித்தப்பாவும் இனி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் அடக்கத்தன்று, "குடிதான் கொன்னுடுச்சு" என்று சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது அவரிடம் போவேன். "எங்கப்பா குடிக்கலைங்க சித்தப்பா" என்றுதான் தொடங்குவேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன்.

உங்களைச் சந்தேகப்பட்ட
உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா